இந்தியக் கடற்படையின் ஃபிரிகேட்டுகளும் ரோந்துக் கப்பல்களும்: கட்டுமானத் தொடர்ச்சி குறித்த வரலாற்று ஆய்வு (1960–2025)

ஆய்வுச் சுருக்கம்

விடுதலைக்குப் பின் இந்தியா தன் போர்க்கப்பல்களைத் தானே கட்டத் தொடங்கிய வரலாறு, பெரும்பாலும் கப்பல்களின் பெயர்களையும் ஆயுதங்களையும் வரிசைப்படுத்திக் கூறும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இக்கட்டுரை அவ்வரலாற்றைக் கட்டுமானத் தொடர்ச்சி என்னும் நோக்கில் அணுகுகிறது. 1960களில் உரிமம் பெற்றுக் கட்டப்பட்ட லியாண்டர் வகை ஃபிரிகேட்டுகள் தொடங்கி, 2025-இல் கடற்படையில் சேர்ந்த திட்டம் 17ஏ கப்பல்கள் வரையிலான வளர்ச்சியும், அதற்கு இணையாக நடந்த ரோந்துக் கப்பல் கட்டுமானமும் இங்கு ஒப்பிடப்படுகின்றன. ஒரு வரிசையின் கடைசிக் கப்பலுக்கும் அடுத்த வரிசையின் முதற்கப்பலுக்கும் இடையே விழும் கால இடைவெளி, கப்பலின் விலையைக் காட்டிலும் ஆழமான இழப்பை ஏற்படுத்துகிறது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: இந்தியக் கடற்படை, ஃபிரிகேட், ரோந்துக் கப்பல், மசகான் கப்பல் தளம், லியாண்டர், கோதாவரி, சிவாலிக், நீலகிரி, கப்பல் வடிவமைப்பு.

1. முன்னுரை

ஃபிரிகேட் என்பது நடுத்தர அளவுடைய போர்க்கப்பல். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுதல், வான்தாக்குதலைத் தடுத்தல், எதிரிக் கப்பலைத் தாக்குதல் ஆகிய மூன்று பணிகளையும் ஓரளவு தனித்தே செய்ய வல்லது. ரோந்துக் கப்பல் எளிய படைக்கலங்களுடன் நெடுநாள் கடலில் தங்கி, கடல் எல்லை, எண்ணெய்க் கிணறுகள், மீன்வளம், வணிகப் பாதை ஆகியவற்றைக் கண்காணிப்பது. ஒன்று போருக்காகவும் மற்றொன்று அமைதிக்காலக் காவலுக்காகவும் கட்டப்படுகிறது. எனினும் இரண்டும் பெரும்பாலும் ஒரே கப்பல் தளங்களையும் ஒரே தொழிலாளரையும் ஒரே நிதி ஒதுக்கீட்டையும் நாடி நிற்பவை. ஆகவே இவற்றைத் தனித்தனியே ஆராய்வதைவிட ஒருசேர ஆராய்வதே பொருத்தமாகும்.

இவ்வகைக் கப்பல் ஒன்றைத் திட்டமிட்டுக் கட்டிப் பணியில் சேர்க்கப் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ ஆகிறது. அது முப்பது ஆண்டுகள் கடலில் இருக்கும். எனவே இன்று எடுக்கப்படும் ஒரு முடிவின் விளைவை அடுத்த தலைமுறையே எதிர்கொள்கிறது. முடிவெடுக்காமல் தள்ளிப்போடுவதன் விளைவும் அவ்வாறே. இக்கட்டுரை பின்வரும் வினாவை முன்வைக்கிறது: இந்தியாவின் கப்பல் கட்டும் ஆற்றல் எந்தக் காலங்களில் வளர்ந்தது, எந்தக் காலங்களில் தேய்ந்தது, அவ்வளர்ச்சிக்கும் தேய்வுக்கும் காரணம் யாது?

2. தளங்களும் வடிவமைப்பு அலுவலகமும்

விடுதலையின்போது இந்தியக் கடற்படையின் கப்பல்கள் அனைத்தும் பிரிட்டிஷ் மரபைச் சார்ந்தவை. 1958 முதல் 1960 வரையிலான காலத்தில் தல்வார், திரிசூல், குக்ரி, கிர்பான், குடார், பிரம்மபுத்திரா, பியாஸ், பேத்வா என எட்டுப் புதிய ஃபிரிகேட்டுகள் பிரிட்டனில் கட்டப்பட்டு வந்தன. கடற்படை வலுப்பெற்றது, ஆனால் கப்பல் கட்டும் அறிவு வெளிநாட்டுத் தளங்களிலேயே தங்கிவிட்டது.

இந்நிலையை மாற்றும் முதற்படி 1960-இல் எடுக்கப்பட்டது. வி.கே. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்த அவ்வாண்டில் பம்பாயின் மசகான் தளத்தையும் கல்கத்தாவின் கார்டன் ரீச் தளத்தையும் நடுவண் அரசு தன் உடைமையாக்கிக்கொண்டது. மசகானில் 1774 முதலே சிறிய உலர்துறை ஒன்று இருந்து வந்தது. கார்டன் ரீச் தளத்தின் தொடக்கம் 1884-ஆம் ஆண்டைச் சார்ந்தது. இரண்டும் அதுவரை பெரும்பாலும் பழுதுபார்ப்பிலும் சிறு கலங்களைக் கட்டுவதிலும் ஈடுபட்டிருந்தவை.

விடுதலை இந்தியாவில் கட்டப்பட்ட முதற்போர்க்கலம் ஒரு ரோந்துக் கலம் என்பது கருதத்தக்கது. கார்டன் ரீச் தளத்தில் உருவான அஜய் என்னும் சிறு கலம் 1961-இல் கடற்படையில் சேர்ந்தது. கப்பல் தளம் ஒன்று எளிய கலத்தில் கைபழகிப் பின்னர்ப் பெரிய கப்பலுக்குச் செல்லும் வழக்கம் இங்கிருந்தே தொடங்குகிறது.

இரண்டாம் படி, 1964-இல் கடற்படைக்குள் மைய வடிவமைப்பு அலுவலகம் நிறுவப்பட்டது. பிரிட்டனில் பயிற்சி பெற்றுத் திரும்பிய கப்பற் பொறியாளர்கள் சிலரைக் கொண்டு இது செயல்பட்டது. தளமும் தொழிலாளரும் இருந்தால் கப்பல் கட்டலாம். ஆனால் எந்தக் கப்பலைக் கட்டுவது, அதில் எதை எங்கே வைப்பது, கூடுதல் எடையை எவ்வாறு ஈடுசெய்வது என்பவற்றைத் தீர்மானிக்கும் அறிவு வேறு. அவ்வறிவைக் கடற்படை தனக்குள்ளேயே வளர்த்துக்கொள்ள முற்பட்டது, பின்வந்த ஆறு பத்தாண்டுகளின் போக்கையும் வகுத்த முடிவாகும்.

3. லியாண்டர் வரிசை: படியெடுத்தலில் கற்றல் (1966–1981)

1962-ஆம் ஆண்டின் சீனப் போருக்குப் பின் பாதுகாப்புத் திட்டமிடல் விரிவடைந்தபோது, பிரிட்டனின் லியாண்டர் வகை ஃபிரிகேட்டை இந்தியாவிலேயே கட்டுவதென முடிவாயிற்று. விக்கர்ஸ், யாரோ ஆகிய பிரிட்டிஷ் நிறுவனங்கள் தொழில்நுட்பத் துணை வழங்கின. சுமார் 113 மீட்டர் நீளமும், முழுச்சுமையில் ஏறத்தாழ 2,960 டன் எடையும், 30,000 குதிரைத்திறன் கொண்ட நீராவிச் சுழலிகளும் உடைய அக்கப்பல், அன்றைய பிரிட்டிஷ் கடற்படையிலேயே புதியதாகக் கருதப்பட்டது. அதுவரை அத்தகைய கப்பலைக் கட்டியறியாத மசகான் தளத்தை அதே வேளையில் விரிவாக்கவும் வேண்டியிருந்தது.

கப்பலின் முதுகெலும்பாக அமையும் அடித்தண்டான ஏரா, முதற்கப்பலாகிய நீலகிரிக்கு 1966 அக்டோபரில் நாட்டப்பட்டது. 1968 அக்டோபர் 23 அன்று கப்பல் நீரில் இறக்கப்பட்டது. 1972 ஜூன் 3 அன்று கடற்படையில் சேர்க்கப்பட்டது. தொடர்ந்து ஹிம்கிரி (1974), உதயகிரி (1976), துனகிரி (1977), தாராகிரி (1980), விந்தியகிரி (1981) ஆகியவை வந்தன. ஒன்பது ஆண்டுகளில் ஒரே தளத்திலிருந்து ஆறு ஃபிரிகேட்டுகள் கடற்படையை அடைந்தன.

இந்த ஆறும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல என்பதே இவ்வரிசையின் வரலாற்றுச் சிறப்பு. நீலகிரி ஏறத்தாழ முழுமையாகப் பிரிட்டிஷ் மூலத்தைப் பின்பற்றியது. ஹிம்கிரி முதலான கப்பல்களில் டச்சு நிறுவனமான சிக்னாலின் ராடார்களும் சுடுகட்டுப்பாட்டுக் கருவிகளும் இடம்பெற்றன. முதன்மைச் சுழலிகளைப் போபாலில் உள்ள பாரத மிகுமின் நிறுவனமும், பற்சக்கரப் பெட்டிகளை மகாராஷ்டிரத்தின் வால்சந்த்நகர் நிறுவனமும் செய்து தந்தன. கடைசி இரண்டு கப்பல்களான தாராகிரியிலும் விந்தியகிரியிலும் மாற்றம் மேலும் துணிவாக இருந்தது. சிறிய ஹெலிகாப்டருக்கு மாறாகப் பெரிய சீ கிங் ஹெலிகாப்டரை ஏந்தும் வகையில் அவற்றின் பின்புறம் திருத்தி அமைக்கப்பட்டது. பிரிட்டிஷ் மூல வடிவத்தில் இருந்த பழைய நீர்மூழ்கி எதிர்ப்புக் குண்டெறி கருவி நீக்கப்பட்டு, நீர்க்கணைக் குழாய்களும் புதிய ராக்கெட் ஏவியும் அமைக்கப்பட்டன. மூலத்தைப் படியெடுத்தவர்கள் ஆறாவது கப்பலை அடைந்தபோது அதைத் திருத்தி எழுதும் நிலையை எட்டியிருந்தனர்.

நீர்மூழ்கி எதிர்ப்பில் இத்தனை கவனம் செலுத்தப்பட்டதற்கு வலிமிகுந்த காரணம் உண்டு. 1971 டிசம்பர் 9 அன்று, பிரிட்டனில் கட்டப்பட்ட குக்ரியைப் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கிக் கப்பல் தாக்கி மூழ்கடித்தது. கேப்டன் மகேந்திர நாத் முல்லா உட்பட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிரிழந்தனர். குக்ரியின் சோனார் எதிரியைக் கண்டறியும் தொலைவு, ஹங்கோரின் சோனாருக்கு ஈடாக இல்லை. போருக்குப் பின் டெல்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த கடற்படை அதிகாரி ஆரோக்கியசாமி பால்ராஜ் பழைய பிரிட்டிஷ் சோனாரை மேம்படுத்தினார். தமிழகத்தின் பொள்ளாச்சியில் பிறந்த அவர், பின்னர்க் கொச்சியிலுள்ள கடற்படை ஆய்வுக்கூடத்தில் ‘அப்சோ’ என்னும் முழுமையான இந்திய சோனாரின் உருவாக்கத்திற்குத் தலைமை ஏற்றார். அக்கருவி கடலில் சோதிக்கப்பட்டது லியாண்டர் வரிசையின் ஹிம்கிரியில்தான். கப்பல் வரிசை தொடர்ந்து கட்டப்பட்டமையால், உள்நாட்டில் உருவான கருவியைச் சோதிக்க ஒரு தளம் கிடைத்தது. அடுத்த வரிசையில் அது நிலையான உறுப்பாயிற்று.

4. கோதாவரி: முதற்சொந்த வடிவம்

1960களின் பிற்பகுதியில் சோவியத் ஒன்றியம் இந்தியாவுக்கு நீர்மூழ்கிகளையும் பெட்யா வகைக் கலங்களையும் வழங்கத் தொடங்கியது. 1970களில் துர்க் வகை ஏவுகணைக் கலங்கள் வந்தன. இதனால் கடற்படை இரண்டு மரபுகளுக்கு இடையே நின்றது. பிரிட்டிஷ் கப்பல்களில் கடல்தாங்கும் உடலமைப்பும் மாலுமிகளுக்கான வசதியும் இருந்தன. சோவியத் கலங்களில் வலிமையான ஏவுகணைகள் இருந்தன. இரண்டையும் ஒரே கப்பலில் இணைக்க முடியுமா என்ற வினாவுக்கான விடையே திட்டம் 16, அதாவது கோதாவரி வகை.

வடிவமைப்பாளர்கள் லியாண்டரின் உடலை 126 மீட்டருக்கு நீட்டினர். முழுச்சுமை ஏறத்தாழ 3,850 டன்னாக உயர்ந்தது. முன்பகுதியில் துர்க் வகைக் கலங்களில் இருந்தவை போன்ற கப்பலெதிர்ப்பு ஏவுகணைகளும் வான்காப்பு ஏவுகணையும் 57 மில்லிமீட்டர் பீரங்கியும் அமைந்தன. பின்பகுதியில் இரண்டு சீ கிங் ஹெலிகாப்டர்களுக்கான கூடம் இடம்பெற்றது. இயந்திரமோ பழைய 30,000 குதிரைத்திறன் நீராவிச் சுழலியே. எடை கூடியும் ஆற்றல் கூடாத நிலையில் வேகம் பெரிதும் குறையும் என்பது இயல்பான அச்சம். ஆனால் கோதாவரி சுமார் 27 கடல்மைல் வேகத்தை எட்டியது. உடல் நீளும்போது, அதே வேகத்தில் கப்பல் எழுப்பும் அலையால் ஏற்படும் தடை குறைகிறது என்னும் அடிப்படை நெறியைச் சரியாகப் பயன்படுத்தியதன் பயன் இது.

கண்ணுக்குத் தெரியாத சிக்கல்கள் கப்பலின் உள்ளே இருந்தன. பிரிட்டிஷ் மரபுக் கப்பலின் மின்னோட்டம் 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் அளவிலானது. சோவியத் கருவிகள் 380 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் அளவை எதிர்பார்த்தன. சோவியத் ஏவுகணை, டச்சு ராடார், இத்தாலிய மரபிலான தகவல் ஒருங்கிணைப்பு முறை, இந்திய சோனார் ஆகிய அனைத்தும் ஒன்றுக்கொன்று தகவல் பரிமாறவும் வேண்டும், ஒன்றின் அலை மற்றொன்றைக் குலைக்காமலும் இருக்க வேண்டும். இச்சிக்கலைத் தீர்த்துத் தரும் வெளிநாட்டு நிறுவனம் ஏதுமில்லை; ஏனெனில் இத்தகைய கலவைக் கப்பலை வேறு எவரும் கட்டியிருக்கவில்லை. 1978-இல் ஏரா நாட்டப்பட்ட கோதாவரி 1983 டிசம்பர் 10 அன்று கடற்படையில் சேர்ந்தது. கங்கா 1985-இலும் கோமதி 1988-இலும் வந்தன. விந்தியகிரியைக் கட்டி முடித்த கைகளே இடைவெளியின்றிக் கோதாவரியைக் கட்டின என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

5. இடைவெளியும் அதன் விலையும் (1988–2010)

கோமதிக்குப் பின் அடுத்த இந்திய ஃபிரிகேட் கடற்படையை அடைய பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. மசகான் தளம் இக்காலத்தில் வெறுமையாக இருந்ததாகக் கொள்ளலாகாது. 1987-இல் தொடங்கிய டெல்லி வகை நாசகாரிக் கப்பல் அங்கு உருவாகி 1997-இல் பணியில் சேர்ந்தது. ஆனால் ஃபிரிகேட் வரிசை அங்கிருந்து பெயர்ந்து, திட்டம் 16ஏ என்ற பெயரில் கல்கத்தாவின் கார்டன் ரீச் தளத்துக்குச் சென்றது. அத்தளம் அதற்கு முன் ஃபிரிகேட் கட்டியதில்லை.

1989-இல் ஏரா நாட்டப்பட்ட பிரம்மபுத்திரா 2000 ஏப்ரலில்தான் கடற்படையில் சேர்ந்தது. பேத்வா 2004-இலும் பியாஸ் 2005-இலும் சேர்ந்தன. இத்தாமதத்தைத் தளத்தின் அனுபவமின்மையோடு மட்டும் பொருத்திப் பார்த்தல் முறையாகாது. கப்பலுக்கென எதிர்பார்க்கப்பட்ட உள்நாட்டுத் திரிசூல் வான்காப்பு ஏவுகணை உரிய காலத்தில் ஆயத்தமாகவில்லை. இறுதியில் இஸ்ரேலின் பராக் ஏவுகணை பொருத்தப்பட்டது. 1991-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் அதே ஆண்டில் நிகழ்ந்த சோவியத் ஒன்றியத்தின் சிதைவும் நிதியையும் கருவி வரவையும் ஒருங்கே பாதித்தன. ஆயினும் இக்காரணங்கள் அனைத்தும் ஒரே விளைவில் முடிந்தன. பழைய கப்பல்கள் முதுமை எய்தின. அவற்றை ஈடுசெய்யும் கப்பல்கள் தளத்தில் முடங்கின.

அவ்வெற்றிடத்தை நிரப்ப 1997 நவம்பரில் ரஷ்யாவுடன் மூன்று ஃபிரிகேட்டுகளுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தல்வார், திரிசூல், தபார் ஆகிய அவை 2003, 2004 ஆண்டுகளில் வந்தன. 2006-இல் மேலும் மூன்றுக்கு ஒப்பந்தமாகி, தேக், தர்காஷ், திரிகண்ட் ஆகியவை 2012, 2013 ஆண்டுகளில் சேர்ந்தன. துஷில் (2024), தமால் (2025) என இறக்குமதி தொடர்ந்தது. 1980களில் ஃபிரிகேட்டைத் தானே வடிவமைத்த நாடு, அடுத்த நாற்பது ஆண்டுகளில் எட்டு ஃபிரிகேட்டுகளை வெளியிலிருந்து பெற வேண்டியிருந்தது.

இடைவெளியின் இழப்பு எத்தகையது என்பதை மசகான் தளத்தின் மற்றொரு பட்டறிவு தெளிவாக்குகிறது. ஜெர்மன் நிறுவனத்துடன் 1981-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அங்கு இரண்டு நீர்மூழ்கிகள் கட்டப்பட்டன. சால்கி 1992-இலும் சங்குல் 1994-இலும் பணியில் சேர்ந்தபின் அவ்வரிசை நிறுத்தப்பட்டது. அடுத்த நீர்மூழ்கி ஒப்பந்தம் 2005-இல்தான் கையெழுத்தாயிற்று. அழுத்தம் தாங்கும் உடலைப் பற்றவைக்கப் பயிற்சி பெற்ற தொழிலாளர்கள் அதற்குள் ஓய்வு பெற்றனர் அல்லது வேறு பணிக்குச் சென்றனர். புதிய குழு மீண்டும் தொடக்கத்திலிருந்தே பயில வேண்டியதாயிற்று. வரைபடத்தைப் பெட்டகத்தில் பாதுகாக்கலாம். கைத்திறனைப் பெட்டகத்தில் வைக்க இயலாது.

6. ரோந்துக் கப்பல்கள்: சிறிய கலத்தின் பெரிய பங்கு

1974-இல் பம்பாய் ஆழ்கடலில் எண்ணெய் கண்டறியப்பட்டதும், 1976-ஆம் ஆண்டின் கடல்மண்டலச் சட்டம் 200 கடல்மைல் தனிப்பொருளாதார மண்டலத்தை வரையறுத்ததும் காவல் பணியின் பரப்பைப் பன்மடங்காக்கின. 1978-இல் கடலோரக் காவல்படை சட்டப்படி நிறுவப்பட்டது. கடற்படைக்கும் தொலைகடல் ரோந்துக் கப்பல்கள் தேவைப்பட்டன.

சுகன்யா வகையின் ஏழு கப்பல்கள் இத்தேவைக்கு எழுந்த முதல் விடை. அவற்றுள் சுகன்யா, சுபத்ரா, சுவர்ணா ஆகிய மூன்றும் தென்கொரியாவில் கட்டப்பட்டன. எஞ்சிய நான்கும் விசாகப்பட்டினத்தின் இந்துஸ்தான் கப்பல் தளத்தில் உருவாயின. 1989 முதல் 1993 வரை அனைத்தும் பணியில் சேர்ந்தன. அவற்றுள் ஒன்றான சரயு 2000-இல் இலங்கைக் கடற்படைக்கு வழங்கப்பட்டு, சயுர என்னும் பெயர் பெற்றது.

அதன்பின் இருபது ஆண்டுகள் கடற்படைக்குப் புதிய ரோந்துக் கப்பல் வரிசை அமையவில்லை. இவ்விடைவெளியின் விளைவு ஏடன் வளைகுடாவில் வெளிப்பட்டது. 2008-இல் கடற்கொள்ளையருக்கு எதிராக இந்தியக் கடற்படை அங்குக் காவலைத் தொடங்கியபோது, முன்னணியில் நின்றது ரஷ்யாவில் கட்டப்பட்ட தபார் ஃபிரிகேட். கப்பலெதிர்ப்பு ஏவுகணைகளும் நீர்மூழ்கி எதிர்ப்புக் கருவிகளும் தாங்கிய கப்பல், துப்பாக்கியும் ஏணியும் கொண்டு வந்த படகுகளைத் துரத்தும் பணியில் தன் இயந்திர ஆயுளைச் செலவிட்டது. ரோந்துக் கப்பல் குறைந்தால் அப்பணி மறைவதில்லை. அது ஃபிரிகேட்டின்மேல் ஏறுகிறது.

கோவா கப்பல் தளம் கட்டிய சரயு வகையின் நான்கு கப்பல்கள் 2013, 2014 ஆண்டுகளில் வந்தன. 105 மீட்டர் நீளமுடைய இவை ஹெலிகாப்டரையும் ஏந்துபவை. இவற்றுள் கடைசியான சுமித்ரா 2014 செப்டம்பர் 4 அன்று சென்னையில் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஏமன் போரில் சிக்கிய இந்தியர்களை மீட்க ஏடன் துறைமுகத்தை அடைந்தது இக்கப்பல். 2024 ஜனவரியில் சோமாலியக் கடற்கொள்ளையரிடமிருந்து ஈரானிய மீன்பிடிக் கலங்கள் இரண்டை அடுத்தடுத்து மீட்டதும் இதுவே. உரிய கப்பல் உரிய பணியில் அமைந்தால் கிடைக்கும் பயனுக்கு இது சான்று.

தனியார் தளங்களின் பட்டறிவு இருவகைப்பட்டது. குஜராத்தின் பிபாவாவ் தளத்துக்கு 2011-இல் ஐந்து ரோந்துக் கப்பல்களுக்கான ஒப்பந்தம் வழங்கப்பட்டது. 2017-இல் இரண்டு உடல்கள் நீரில் இறக்கப்பட்டன, ஆனால் நிறுவனம் நொடிப்பு நடவடிக்கைக்கு உள்ளானது, ஒப்பந்தம் நீக்கப்பட்டது. இதற்கு மாறாக, எல் அண்டு டி நிறுவனம் கடலோரக் காவல்படைக்கென 2015-இல் ஏழு ரோந்துக் கப்பல்களுக்கான ஒப்பந்தத்தைப் பெற்றது. சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் அமைந்த அதன் தளம் இப்பணியில் முதன்மைப் பங்கு வகித்தது. முதற்கப்பல் விக்ரம் 2018 ஏப்ரலிலும் ஏழாவதான விக்ரஹா 2021 ஆகஸ்டிலும் சென்னையில் பணியில் சேர்ந்தன. ஒரே வடிவம், மாறாத தேவைப் பட்டியல், ஏழு கப்பல்களின் தொடர்ச்சி, தாங்கும் நிதிவலிமை ஆகியவை இவ்வேறுபாட்டை விளக்குகின்றன.

2023 மார்ச் 30 அன்று கடற்படைக்கென அடுத்த தலைமுறை ரோந்துக் கப்பல்கள் பதினொன்றுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கோவா தளத்துக்கு ஏழும் கார்டன் ரீச் தளத்துக்கு நான்கும் பிரித்தளிக்கப்பட்டன. மொத்த மதிப்பு 9,781 கோடி ரூபாய். கப்பலொன்றுக்கு ஏறத்தாழ 890 கோடி. திட்டம் 17ஏ-வின் ஏழு ஃபிரிகேட்டுகளின் மதிப்பு ஏறத்தாழ 45,000 கோடி ரூபாய்; கப்பலொன்றுக்குச் சுமார் 6,400 கோடி. ஒப்பந்த ஆண்டுகள் வேறாயினும், ஒரு ஃபிரிகேட்டின் செலவில் ஏழு ரோந்துக் கப்பல்கள் கட்டலாம் என்னும் விகிதம் திட்டமிடுவோர் முன் உள்ள தெரிவைத் தெளிவாகக் காட்டுகிறது.

7. சிவாலிக் முதல் புதிய நீலகிரி வரை

ஃபிரிகேட் கட்டுமானம் மசகானுக்குத் திரும்பியது திட்டம் 17-இன் வழியே. 2001 ஜூலையில் ஏரா நாட்டப்பட்ட சிவாலிக் 2010 ஏப்ரல் 29 அன்று கடற்படையில் சேர்ந்தது. சத்புரா 2011-இலும் சஹ்யாத்ரி 2012-இலும் தொடர்ந்தன. சுமார் 6,200 டன் எடையுள்ள இவை ராடாருக்கு எளிதில் புலப்படாத வண்ணம் வடிவமைக்கப்பட்டவை. நீராவிக்கு மாறாக, விரைவோட்டத்துக்கு வாயுச் சுழலியும் இயல்பான ஓட்டத்துக்கு டீசல் இயந்திரமும் இவற்றில் அமைந்தன.

இவ்வரிசை இரண்டு சார்புநிலைகளை வெளிக்கொணர்ந்தது. முதலாவது உருக்கு. ரஷ்யாவிலிருந்து வரவேண்டிய சிறப்பு உருக்கின் தாமதம் கட்டுமானத்தைப் பாதித்தது. ஐதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வுக்கூடமும் இந்திய உருக்கு ஆணையமும் இணைந்து உருவாக்கிய டி.எம்.ஆர். 249 வகை உருக்கு இதற்குத் தீர்வாயிற்று. இரண்டாவது இயந்திரம். சிவாலிக்கின் எல்.எம். 2500 வாயுச் சுழலிகள் அமெரிக்க நிறுவனத்துடையவை. 2009-இல் அமெரிக்க அரசின் ஆணையால் அந்நிறுவனம் தன் பணியைச் சிறிதுகாலம் நிறுத்தி வைத்தது. ரஷ்யாவில் கட்டிய துஷில், தமால் ஆகியவற்றுக்கு உக்ரைனின் சுழலிகள் தேவைப்பட்டதும், 2014-க்குப் பின் உக்ரைன் அவற்றை ரஷ்யாவுக்கு வழங்க மறுத்ததும், இந்தியாவே அவற்றை உக்ரைனிடம் வாங்கித் தர வேண்டியிருந்ததும் இதனோடு வைத்து எண்ணத்தக்கவை. உருக்கில் அடைந்த தன்னிறைவு இயந்திரத்தில் இன்னும் எட்டப்படவில்லை.

திட்டம் 17ஏ-வுக்கு 2015-இல் ஒப்பந்தமாயிற்று. மசகானில் நான்கும் கார்டன் ரீச்சில் மூன்றுமாக ஏழு கப்பல்கள் கட்டப்படுகின்றன. மகேந்திரகிரி ஒழிந்த ஏனைய ஆறும் லியாண்டர் வரிசையின் ஆறு பெயர்களையே தாங்கியுள்ளன. இவற்றில் உடற்பகுதிகள் பெருங்கூறுகளாக, குழாயும் மின்கம்பியும் முன்னரே பொருத்தப்பட்ட நிலையில் செய்யப்பட்டு இணைக்கப்படுகின்றன. புதிய நீலகிரி 2025 ஜனவரி 15 அன்றும், உதயகிரியும் ஹிம்கிரியும் அதே ஆண்டு ஆகஸ்ட் 26 அன்றும் கடற்படையில் சேர்ந்தன. கடற்படையின் போர்க்கப்பல் வடிவமைப்புப் பணியகம் வடிவமைத்த நூறாவது கப்பல் உதயகிரி. 1964-இல் தொடங்கிய சிறு அலுவலகத்தின் தொடர்ச்சியே அப்பணியகம்.

8. காலக் கணக்கு

ஒவ்வொரு வரிசையின் முதற்கப்பலும் ஏரா நாட்டியது முதல் கடற்படையில் சேர்ந்தது வரை எடுத்துக்கொண்ட காலம் பின்வருமாறு:

நீலகிரி (1966–1972): 5 ஆண்டு 7 மாதம்
கோதாவரி (1978–1983): ஏறத்தாழ 5½ ஆண்டு
பிரம்மபுத்திரா (1989–2000): ஏறத்தாழ 11 ஆண்டு
சிவாலிக் (2001–2010): 8 ஆண்டு 9 மாதம்
புதிய நீலகிரி (2017–2025): ஏறத்தாழ 7 ஆண்டு

கப்பலின் எடை இருமடங்காகியதும் கருவிகள் நுட்பமடைந்ததும் இக்கணக்கில் கருதப்பட வேண்டியவை. ஆயினும் எடை மட்டுமே காரணமெனின், எடை மிகுந்த புதிய நீலகிரி சிவாலிக்கைவிட விரைவில் முடிந்திருக்காது. கோதாவரியைவிடச் சிறிதே வேறுபட்ட பிரம்மபுத்திரா இருமடங்கு காலம் எடுத்திருக்காது. அதே தளம் அடுத்தடுத்துக் கட்டிய கோதாவரியே மிகக் குறைந்த காலத்தில் முடிந்துள்ளது. தளம் மாறிய பிரம்மபுத்திராவும், ஃபிரிகேட் கட்டி நெடுங்காலமான தளத்தில் தொடங்கிய சிவாலிக்கும் மிகுந்த காலத்தை விழுங்கியுள்ளன.

9. முடிவுரை

இவ்வாய்வால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, இந்தியாவின் கப்பல் வடிவமைப்பாற்றல், உரிமம் பெற்ற ஒரு வடிவத்தை ஆறுமுறை தொடர்ந்து கட்டி, ஒவ்வொரு முறையும் சிறிது திருத்தியதன் வழியே வளர்ந்தது. இரண்டாவது, இடைவெளி ஏற்பட்ட போதெல்லாம் இறக்குமதி அவ்விடத்தை நிரப்பியது. அதனால் உள்நாட்டுத் தளத்துக்குரிய பணியும் பயிற்சியும் வெளியே சென்றன. மூன்றாவது, ரோந்துக் கப்பல்களைத் திட்டமிடாது விடுவது சிக்கனமாகாது. அப்பணியைச் செலவுமிக்க ஃபிரிகேட்டுகள் சுமக்க நேர்கிறது.

இம்முடிவுகள் கடந்த காலத்துக்கு மட்டும் உரியவை அல்ல. திட்டம் 17ஏ-வின் ஏழாவது கப்பலான மகேந்திரகிரி 2023 செப்டம்பர் 1 அன்று மசகானில் நீரில் இறக்கப்பட்டது. திட்டம் 17பி எனப்படும் அடுத்த வரிசைக்கான ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே, மசகானின் சாய்தளத்திலும் கார்டன் ரீச்சின் சாய்தளத்திலும் அவ்வகைக் கப்பல் எதுவும் எஞ்சவில்லை. உடலைக் கட்டும் பற்றவைப்பாளர்களும் தகடு வளைப்போரும் முதலில் பணியிழப்பர். கருவி பொருத்துவோர் சில ஆண்டுகள் கழித்து. 1988-க்குப் பின் நேர்ந்ததும் இதே வரிசையில்தான் நேர்ந்தது. பதினொரு ரோந்துக் கப்பல்களின் பணி கார்டன் ரீச் தளத்துக்கு ஓரளவு துணைசெய்யும். மசகானுக்கு அதில் பங்கில்லை. அடுத்த ஃபிரிகேட்டுக்கு ஏரா நாட்டப்படும் நாளை எவ்வளவு விரைவில் முடிவு செய்வது என்பதே இன்று திட்டமிடுவோர் விடை காண வேண்டிய முதல் வினாவாகும்.